கண்ணொளியும் நம் உரிமையே!

(உலகப் பார்வை தினத்தையொட்டிக் கொத்மலையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில், சட்டத்தரணியும் இயக்க அமைப்பாளருமாகிய அன்பர் ஒருவர் ஆற்றிய உரையை இங்கே தருகிறோம்.)



இந்த வட்டாரத்தில் நான் பலமுறை பேசியிருக்கிறேன். சம்பளத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன். காணியைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேசியிருக்கிறேன். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றோராக்கிய கதையையும், 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியோருக்கு அவ்வுரிமையை வழங்கிய கதையையும் பேசியிருக்கிறேன். இன்று கண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வைத்தியர் பேச வேண்டிய பொருளை வழக்காடுபவன் பேசுவானேன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அதற்கு விடையாக ஒரு வழக்கின் கதையை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐம்பது வயதைத் தாண்டிய தாயார் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். முப்பது வருடத்துக்கு மேலாகக் கொழுந்து பறித்தவர். தோட்டத்து நிருவாகம் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தது. குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்கவில்லை. எடுத்த கொழுந்திலும் முற்றிய இலை கலந்திருக்கிறது. இப்படியே தொடர்ந்தால் வேலை நிறுத்தப்படும் என்பது கடிதத்தின் சாரம். பல நாட்கள் அவருக்கு அரைப்பேர்தான் போடப்பட்டிருந்தது. நான் சட்டப் புத்தகங்களைப் புரட்டினேன். அந்த மாதங்களில் மழை எவ்வளவு, அந்த மலையில் கொழுந்து எப்படி, நிறை நிர்ணயித்தது எந்த ஒப்பந்தத்தின்படி என்றெல்லாம் வாதங்களை அடுக்கினேன். கடைசியாக ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளச் சம்பளச் சீட்டை அவர் கையிற் கொடுத்து, "அம்மா, இந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்" என்றேன். அவர் சீட்டை முகத்தருகே கொண்டுபோனார். பின்பு கையை முழுக்க நீட்டிப் பிடித்தார். பிறகு சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்ற பேத்தியிடம் கொடுத்துவிட்டார்.

"எத்தனை நாளாக இப்படி அம்மா?" என்று கேட்டேன்.

"நாலஞ்சு வருசமாவே கிட்டத்துல மங்கலாத்தான் தெரியுதுங்க ஐயா. வயசாகிப்போச்சுங்களே" என்றார்.

தோழர்களே! நான் தேடிய சாட்சியம் முழுவதும் அந்தத் தாயாரின் கண்ணிலே இருந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது, முற்றிய இலை எது என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது முதலில் ஒரு மூக்குக்கண்ணாடி. அதற்குப் பிறகுதான் சட்டத்தரணி. அரைப்பேரால் அவர் ஒரு மாதத்தில் இழந்த பணத்துக்கு அப்படிப்பட்ட கண்ணாடிகள் பல வாங்கியிருக்கலாம். நிறுக்கும் தராசு சரியா என்று பார்க்க நாம் எத்தனையோ போராட்டங்கள் நடத்தினோம். பறிப்பவரின் கண் சரியா என்று பார்க்க ஒரு நாளும் நாம் புறப்படவில்லை. இது என்மீது நானே சுமத்தும் குற்றச்சாட்டு. நம் இயக்கத்தின் மீதும் சுமத்துகிறேன்.

நாற்பதில் வருவது

அந்தத் தாயாருக்கு வந்தது நோயன்று. வெள்ளெழுத்து என்று நம் முன்னோர் அதற்குப் பெயர் வைத்தார்கள். தமிழகத்தில் சாளேசுவரம் என்றும் சொல்வார்கள். கண்ணுக்குள்ளே இருக்கும் வில்லை இளமையில் மென்மையாக இருந்து, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஏற்றவாறு தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. வயது ஏற ஏற அது இறுகுகிறது. நாற்பதைத் தாண்டிய மனிதர் அனைவருக்கும், துரையானாலும் தொழிலாளியானாலும், இது வந்தே தீரும். துரைக்கு வந்தால் கொழும்பிலே கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள்வார். கணக்கப்பிள்ளைக்கு வந்தாலும் ஹட்டனிலோ நாவலப்பிட்டியிலோ வாங்கிக்கொள்வார். எழுதிப் படிக்கிறவர்களுக்குத்தான் கண்ணாடி என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போய்விட்டது. கூடை சுமப்பவருக்குக் கண்ணாடி எதற்கென்று கேட்கும் உலகத்திலே நாம் வாழ்கிறோம். கொழுந்து பறிப்பது கண்ணாற் செய்யும் வேலை என்பதைப் பறிக்கத் தெரியாதவர்களே மறந்துபோவார்கள்.

இது வெறும் பேச்சன்று. நம்மைப் போன்றே தேயிலையை நம்பி வாழும் மக்கள் நிறைந்த அஸாம் மாநிலத்திலே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட, வெள்ளெழுத்து உள்ள 751 தொழிலாளரைத் தேர்ந்து, இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குத் தொடக்கத்திலேயே கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு ஆய்வு முடிந்த பின் கொடுத்தார்கள். இரு பிரிவினரும் நாள்தோறும் பறித்த கொழுந்தின் நிறையைக் கணக்கிட்டார்கள். கண்ணாடி அணிந்தோரின் பறிப்பு மற்றவரைவிட நூற்றுக்கு 21.7 பங்கு அதிகமாக உயர்ந்திருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியோரிடையே இவ்வுயர்வு நூற்றுக்கு 31.6 பங்காக இருந்தது. 2018இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' என்னும் மருத்துவ ஏட்டில் இம்முடிவு வெளிவந்தது. புதிய உரமில்லை, புதிய இயந்திரமில்லை. மூக்கின்மேல் ஒரு கண்ணாடி, அவ்வளவே.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையையும் நான் சொல்லியாக வேண்டும். இந்தக் கணக்கைக் கேட்டதும் கம்பனிக்காரர்களின் காது கூர்மையாகும். கண்ணாடி கொடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறதா? அப்படியானால் நாளைய நிறையையும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிவிடுவோம் என்று சொல்ல அவர்களுக்கு நேரமாகாது. 2021இல் ஆயிரம் ரூபாச் சம்பளம் அறிவிக்கப்பட்ட பின், நாளொன்றுக்கு எத்தனை கிலோ என்ற தகராறு தோட்டந்தோறும் எழுந்ததை நாம் மறந்துவிடவில்லை. ஆகவே கண்ணாடி கேட்கும்போதே இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: கண்ணாடியைக் காரணமாகக் காட்டி நிறையைக் கூட்டக்கூடாது, கூடப் பறிக்கும் ஒவ்வொரு கிலோவும் பறித்தவரின் கணக்கிலேயே சேர வேண்டும். பார்வை தொழிலாளியினுடையது, பார்வையால் வரும் பயனும் தொழிலாளிக்கே உரியது.

கண்புரையும் காலதாமதமும்

இனிக் கண்புரைக்கு வருகிறேன். கண்ணுக்குள் இருக்கும் அதே வில்லை, பளிங்குபோல் தெளிந்திருந்தது, மெல்ல மெல்லப் பாலாடை படர்ந்ததுபோல் மங்குவதே கண்புரை. முதுமை அதன் முதற் காரணம். நீரிழிவும் புகைபிடித்தலும் அதை விரைவுபடுத்தும். விறகடுப்பின் புகையிலே நாள்தோறும் நிற்கும் பெண்களுக்கு அது அதிகம் வருவதாகவும் ஆய்வுகள் காட்டியுள்ளன. காற்றோட்டமில்லாத லயத்துச் சமையலறையை அறிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் 2013, 2014ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட தேசிய ஆய்வு, நாற்பது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 1.7 பேர் பார்வையற்றோராக இருக்கக் கண்டது. அந்தப் பார்வையற்றோரில் ஏறக்குறைய மூவரில் இருவரின் ஒளியைப் பறித்தது கண்புரை. இதன் பொருளைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். அவர்கள் மருந்தில்லாத நோய்க்கு ஆளானவர்களல்லர். மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையொன்றைப் பொருத்தும் சத்திரசிகிச்சை உலகெங்கும் நடக்கிறது. பெரும்பாலோருக்கு அது அரைமணி நேரத்துக்குட்பட்ட வேலை. ஆகவே அவர்கள் விதியாற் குருடானவர்களல்லர். வரிசையில் நின்று, அல்லது வரிசை எங்கே இருக்கிறதென்றே அறியாமல், குருடானவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் பார்வைக் குறையுள்ள 220 கோடி மக்களில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கக் கூடியது, அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்று கூறியது.

நம் மக்களிடையே மூன்று தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. புரை நன்றாக முற்றிய பிறகே அறுக்க வேண்டும் என்பது ஒன்று. அது பழங்காலத்துச் சிகிச்சை முறைக்குப் பொருந்திய பேச்சு. இன்று, அன்றாட வேலைக்கு இடையூறு வந்த அளவிலேயே வைத்தியரிடம் போகலாம். சொட்டு மருந்தால் புரையைக் கரைத்துவிடலாம் என்பது மற்றொன்று. அப்படிக் கரைக்கும் மருந்து எதுவும் இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. எவராவது கண்தானம் செய்தால்தான் பார்வை திரும்பும் என்பது மூன்றாவது. 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கம், இறந்தோரின் கருவிழிகளை நம் நாட்டவருக்கும் பல அயல்நாட்டவருக்கும் வழங்கிப் புகழ் பெற்றது. அந்தத் தானம் கருவிழி பழுதானவர்களுக்கே பயன்படும். கண்புரைக்குத் தானக் கண் தேவையில்லை. உலகுக்கே கண் கொடுத்த நாட்டில், கண் தானமே வேண்டாத ஒரு குறையால் மூதாட்டிகள் இருளில் இருப்பது எத்தகைய முரண்!

மதுரையில் ஒரு முன்மாதிரி

இதை மாற்ற முடியுமா என்று கேட்பவர்களுக்கு, நம் மூதாதையர் பலர் புறப்பட்டு வந்த தென்பாண்டிச் சீமையிலிருந்தே ஒரு சான்று காட்டுகிறேன். வடமலாபுரம் என்னும் சிற்றூரில் 1918இல் பிறந்தவர் வைத்தியர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் கோணிப்போயின. அந்தக் கோணிய விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, கண் சத்திரசிகிச்சை செய்தார். அரசாங்க சேவையிலிருந்து ஓய்வு பெற்ற பின், 1976இல், மதுரையிலே பதினொரு கட்டில்களோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணமுள்ளோர் பணம் கொடுக்கட்டும், இல்லாதோர் இலவசமாகப் பெறட்டும். இரு சாராருக்கும் அதே வைத்தியர், அதே சிகிச்சை என்பது அவருடைய ஏற்பாடு. 1992இல் அவர்கள் செயற்கை வில்லையைத் தாங்களே உற்பத்தி செய்யத் தொடங்கினார்கள்; வெளிநாட்டு வில்லைக்குக் கொடுத்த விலையில் சிறு பங்குக்கு ஏழையின் கண்ணுக்கு வில்லை கிடைத்தது. 2006இல் அவர் மறைந்தார். அவர் நட்ட மரம் இன்று உலகின் மிகப் பெரிய கண் மருத்துவ அமைப்புகளுள் ஒன்றாக நிற்கிறது.

அந்த வரலாற்றிலே நமக்கு வேண்டிய பாடம் ஒன்றுண்டு. சிகிச்சை இலவசம் என்று அறிவித்த பிறகும் கிராமத்து ஏழைகளிற் பலர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவர்கள் தேடிப் பார்த்தபோது, பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, இழக்கும் நாட்கூலி, கூட வருவதற்கு ஆளில்லாமை, அச்சம் ஆகியவையே தடைகள் என்று கண்டார்கள். அதனாலேயே கிராமத்துக்குப் போய் முகாமிட்டு, நோயாளரை வண்டியில் அழைத்துச் சென்று, உணவளித்து, மீண்டும் ஊரிலே கொண்டுவந்து விடும் வழக்கத்தை ஏற்படுத்தினார்கள்.

இப்போது நம் நிலையைப் பாருங்கள். நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆயினும் பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு லயத்தில் இருக்கும் அறுபத்தைந்து வயது மூதாட்டி எப்படி நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போவார்? அதிகாலையில் மலை இறங்க வேண்டும். இரண்டு பஸ் ஏற வேண்டும். மகளோ மருமகளோ ஒரு நாட்பேரை இழந்து உடன் போக வேண்டும். போனால், வேறொரு நாள் வரச் சொல்வார்கள். சத்திரசிகிச்சைக்கு முன் இரத்தமும் சீனியும் பார்க்க இன்னொரு நாள்; பின் காட்டுவதற்கு மற்றொரு நாள். கணக்கிட்டுப் பார்த்து, "கிழவிக்குக் கண் எதற்கு? அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தால் போதாதா?" என்று அவரே சொல்லிவிடுகிறார். தன் பார்வையைத் தானே தள்ளுபடி செய்யும் அந்தத் தீர்ப்பை எழுதவைத்தது வறுமை. அதை நாம் மேன்முறையீட்டில் மாற்ற வேண்டும்.

மறைக்கக் கூடாத ஒன்று

இங்கே இன்னொன்றையும் மறைக்காமற் பேசுவேன். சத்திரசிகிச்சை என்றதும், "நுவரெலியாவில் நடந்தது தெரியாதா ஐயா?" என்று உங்களிற் பலர் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். தெரியும். 2023 ஏப்ரலில், நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண்புரைச் சிகிச்சை பெற்றவர்கள் சிலர், அதன் பின் இடப்பட்ட இறக்குமதிச் சொட்டு மருந்தினாற் பார்வை பாதிக்கப்பட்டார்கள். அம்மருந்து பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. ஒளி தேடிச் சென்ற ஏழைகளுக்கு இருள் கிடைத்தது என்பதைவிடக் கொடிய செய்தி வேறென்ன இருக்க முடியும்?

ஆனால் அந்தச் செய்தியிலிருந்து நாம் எந்த முடிவுக்கு வர வேண்டும்? இனி எவரும் சத்திரசிகிச்சைக்குப் போகக்கூடாது என்ற முடிவுக்கு வந்தால், அந்த மருந்து பாதித்தவர்களோடு, அது தொடாத ஆயிரமாயிரம் பேரையும் நாமே குருடாக்கியவர்களாவோம். நாட்டுக்குள் வரும் மருந்து ஒவ்வொன்றும் முறையாகச் சோதிக்கப்பட வேண்டும், குறைபாடு நேர்ந்தால் பொறுப்பானவர் பதில் சொல்ல வேண்டும், பாதிக்கப்பட்டவர் நட்டஈடு பெற வேண்டும் என்பதே நியாயமான முடிவு. பாலம் இடிந்தால் பாலத்தைக் கட்டியவரைக் கேட்போம். ஆற்றைக் கடப்பதையே விட்டுவிட மாட்டோம்.

ஒரு நாளைக்குள் செய்ய வேண்டியது

உழவர் பெருமக்களே! உங்கள் தொழிலோடு ஒட்டிய ஆபத்து ஒன்றைச் சொல்கிறேன். கவ்வாத்து வெட்டும்போது வாது தெறித்துக் கண்ணிற் படுகிறது. புல் வெட்டும் இயந்திரத்திலிருந்து கல் தெறிக்கிறது. கரட், லீக்ஸ் பாத்தியிலே மருந்தடிக்கும்போது காற்று திரும்பிக் கண்ணில் அடிக்கிறது. கருவிழியில் விழும் கீறல் முதலில் சிறிது, உறுத்தலோடு நிற்கும். அதற்குள் கிருமி புகுந்தால் இரண்டொரு நாளிற் புண்ணாகி, வெள்ளைத் தழும்பாகி, பார்வை போய்விடும். அந்தக் கண்ணுக்குத் தாய்ப்பால் விடுவதும், இலைச்சாறு பிழிவதும், கடையில் எவரோ கொடுத்த பெயர் தெரியாத சொட்டு மருந்தை விடுவதும் எரிகிற வீட்டுக்கு எண்ணெய் ஊற்றுவதாகும்.

நேபாளத்தின் பக்தபூர் பகுதியிலே இதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். கிராமத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கண்ணிற் கீறல் பட்டவர்களுக்கு உடனே குளோரம்பெனிகோல் களிம்பை நாளைக்கு மூன்று தரமாக மூன்று நாட்களுக்கு இடச் செய்தார்கள். 2001இல் வெளிவந்த அந்த ஆய்விலே, காயம்பட்டு 18 மணி நேரத்துக்குள் களிம்பு பெற்றவர் ஒருவருக்குக்கூடக் கருவிழிப் புண் உண்டாகவில்லை. விலை மலிவான களிம்பு, கொஞ்சம் பயிற்சி, காலந்தாழ்த்தாமை. இவை மூன்றும் நம் தோட்டத்து மருந்தகத்தில் இருக்க முடியாதா? மலையிலே காயம்பட்டவர் அன்றே அங்கு போக வேண்டும். அன்றே அங்கு கவனிக்கப்பட வேண்டும்.

மருந்தோ சுண்ணாம்போ கண்ணிற் பட்டால் முதல் வைத்தியம் தண்ணீர். வைத்தியரைத் தேடி ஓடுமுன், சுத்தமான நீரால் குறைந்தது கால்மணி நேரம் கண்ணை இடைவிடாது கழுவுங்கள்; அதன் பின் ஓடுங்கள். சுண்ணாம்பு என்று நான் சொன்னதற்குக் காரணமுண்டு. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புப் பொதி குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாகி, அழுத்தியதும் வெடித்துக் கண்ணிற் பாய்கிறது. அது கருவிழியை வேகவைத்துவிடும். தாய்மார்களே! வெற்றிலையை விடுங்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. சுண்ணாம்பையாவது குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

குழந்தைகளைப் பற்றி வேறு சில சொற்கள். கண்மணியில் வெள்ளை ஒளி தெரியும் குழந்தையை ஒரு நாளும் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மாறுகண் அதிர்ஷ்டம் என்று மகிழாதீர்கள். சிறு வயதிலே கவனிக்காவிட்டால் அந்தக் கண் பார்க்க மறந்துவிடும். கரும்பலகை தெரியாத பிள்ளையை மக்குப் பிள்ளை என்று ஆசிரியர் ஒதுக்கிவிடாதிருக்கட்டும். இருபது அடி தூரத்தில் ஓர் எழுத்துப் படத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தால் உண்மை வெளியாகும்.

பெரியவர்களில் சீனி வியாதி உள்ளவர்கள், கண் நன்றாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கொருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும். அந்நோய் சத்தமின்றி உள்ளே அரிக்கும். கண் அழுத்த நோயும் அப்படியே. அதனால் இழந்த பார்வை மீளாது, மீதியைத்தான் காக்க முடியும். கண் கெட்டபின் சூரிய நமஸ்காரமா என்று நம்மவர் கேட்பது வீணான கேள்வியன்று.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். 1912ஆம் ஆண்டிலே, வெள்ளைக்காரன் ஆட்சியிலே, மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டத்தில் உண்டாகும் நோய்களைத் தோட்ட அதிகாரி அறிந்துகொள்ள வேண்டும். நோயாளருக்கு உடனடி நிவாரணம் தேட வேண்டும் என்று அது கடமை விதித்தது. தொழிலாளி இல்லாமல் தேயிலை இல்லை என்ற சுயநலமே அச்சட்டத்தின் தாய் என்பதை நான் அறிவேன். ஆயினும், அறிந்துகொள்வது கடமை என்ற அந்தச் சொல்லை நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். காய்ச்சலும் வயிற்றோட்டமும் நோயென்று பதிவாயின. ஓசையின்றி மங்கும் கண் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992இல் கம்பனிகளின் நிருவாகத்துக்குப் போயின. துரைமார் மாறினார்கள், பதிவேட்டில் கண்ணுக்கு இன்றும் இடமில்லை.

மொழியையும் மறக்க முடியாது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சத்திரசிகிச்சைக்கு ஒப்புதல் தரும் பத்திரமும், எந்தச் சொட்டு மருந்தை எந்தக் கண்ணில் எத்தனை மணிக்கு விட வேண்டும் என்ற குறிப்பும் தமிழ் நோயாளிக்குத் தமிழிலே தரப்பட வேண்டாமா? படிக்க முடியாத காகிதத்திலே பெருவிரல் அடையாளம் வைப்பது ஒப்புதலாகாது. இதை நான் மொழிப் பற்றினால் மட்டும் சொல்லவில்லை. விட வேண்டிய மருந்தைத் தவறாக விட்டால் கண் போய்விடும் என்பதனாற் சொல்கிறேன்.

2021இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அனைவர்க்கும் பார்வை என்ற தீர்மானத்தை ஏற்றுக்கொண்டது. நியூயோர்க்கில் நிறைவேறிய தீர்மானம் தானாக மலையேறி நம் லயத்துக்கு வராது. அதைத் தூக்கிவர வேண்டியவர்கள் நாமே.

தீர்மானங்கள்

ஆகவே இக்கூட்டத்தின் முன் ஐந்து கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது: நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர் அனைவருக்கும் ஆண்டுக்கொருமுறை தோட்டத்திலேயே கண் பரிசோதனையும், வேண்டியோருக்கு நிருவாகச் செலவிற் கண்ணாடியும் வழங்கப்பட வேண்டும், அதைக் காரணமாக்கி நிறை கூட்டப்படக்கூடாது.

இரண்டாவது: கண்புரைச் சிகிச்சைக்குச் செல்வோருக்குச் சம்பளத்துடன் விடுமுறையும், உடன் செல்பவர் ஒருவருக்கு நாட்பேரும், போக்குவரத்து வசதியும் வேண்டும்.

மூன்றாவது: ஒவ்வொரு தோட்ட மருந்தகத்திலும் கண் காயத்துக்கான களிம்பும், அதை இடப் பயிற்சி பெற்றவரும் இருக்க வேண்டும், கவ்வாத்துக்கும் மருந்தடிப்புக்கும் பாதுகாப்புக் கண்ணாடி தரப்பட வேண்டும்.

நான்காவது: தோட்டப் பாடசாலைகளிலும் பிள்ளைக் காம்பராக்களிலும் ஆண்டுதோறும் குழந்தைகளின் பார்வை பரிசோதிக்கப்பட வேண்டும்.

ஐந்தாவது: மருந்துக் குறிப்பும் ஒப்புதல் பத்திரமும் தமிழில் வேண்டும், 2023இற் பாதிக்கப்பட்டோருக்கு நீதி வேண்டும்.

இவை அரசாங்கத்துக்கும் கம்பனிகளுக்கும் உரியவை. நமக்குரியதும் உண்டு. படித்த தமிழ் அன்பர்களே! வைத்தியராக, ஆசிரியராக, எழுதுவினைஞராக இம்மலைகளிலிருந்து எழுந்து சென்றவர்களே! உங்களைப் படிக்கவைத்த கொழுந்தைப் பறித்த கண்கள் இன்று மங்கிக் கிடக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுங்கள். ஒரு லயத்துக்குப் போய், அங்குள்ள முதியோரின் பெயரை எழுதி, அவர்களை வைத்தியசாலை வரிசையிற் கொண்டுபோய்ச் சேருங்கள். அந்தப் பணிக்கு எந்தத் துரையின் அனுமதியும் வேண்டாம்.

1985இல் முடிந்த இக்கொத்மலை அணையின் அடியிலே கிராமங்களும் வயல்களும் மூழ்கின. அந்த நீர் 201 மெகாவாட் வலுவுள்ள மின்நிலையத்தைச் சுழற்றி, தூரத்துப் பட்டணங்களுக்கு விளக்கேற்றுகிறது. அதற்கு அருகிலேயே, விளக்கு எரியும் அறையில், விளக்கு எரிவது தெரியாமல் ஒரு தாய் உட்கார்ந்திருப்பதை இனியும் நாம் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறோமா?

இனிப் பேச்சை நிறுத்துகிறேன். மண்டபத்தின் பின்பக்கச் சுவரிலே ஆசிரிய நண்பர் ஒருவர் எழுத்துப் படத்தைத் தொங்கவிட்டு, இருபது அடி அளந்து கோடு கிழித்திருக்கிறார். மேசையின்மேல் ஊசியும் நூலும் வைத்திருக்கிறார். ஊசியில் நூல் கோக்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிடுகிறவர்கள் முதலில் வாருங்கள். நாற்பதைக் கடந்தவர்கள் எல்லோரும் வரிசையில் நில்லுங்கள். இந்தக் குறிப்புக் காகிதத்தை நான் எவ்வளவு தூரத்தில் பிடித்துப் படித்தேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் வரிசையில் நானும் நிற்கிறேன்.